16:8 விரதம்: என்னைக் காப்பாற்றியது இரவு எட்டு மணி

16 மணி நேரம் சாப்பிடாமல், 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்கும் விரதம் உடம்பை என்ன செய்யும், வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு இதைத் தொடர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏழு மாதமாக இந்த விரதம் இருக்கிறேன். மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு. மற்ற நேரம் தண்ணீரும் கடுங்காபியும்தான்.

பசியைக்கூடச் சமாளித்துவிட்டேன். காலை ஆறு மணிக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத டிகாக்‌ஷன்தான் தண்டனை. பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே வாயைக் கட்டுவது அடுத்தது. மாமியார் வேறு, "வெறும் வயித்தோட கெடந்தா பித்தம் ஏறும்" என்பார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்பவர் அவர்! அது சாமிக்கு, இது தொப்பைக்கு; அவர் கணக்கில் இரண்டும் வேறு.

முதல் வாரம் பதினொரு மணியானால் தலைவலி. சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலின் இறங்குகிறது. அப்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியே தள்ளும். தண்ணீர் குடிப்பதைக் கூட்டினேன், இரண்டாவது வாரத்தில் தலைவலி விட்டது. பத்து நாளில் 2 கிலோ குறைந்ததும் தலைகால் புரியவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சர்க்கரையை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன; அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரைந்தால் நீரும் போய்விடும். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். அதன் பிறகு இதுவரை எனக்கு 3 கிலோ குறைந்திருக்கிறது.

16 மணி நேரத்தில் செல்கள் தங்களையே சுத்தம் செய்துகொள்ளும், நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று வாட்ஸாப்பில் வரும். 2016இல் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி இதற்காகப் பரிசு வாங்கியது நிஜம். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை, டிபனைத் தவிர்த்த மனிதர்களை அல்ல.

சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரக் கட்டுப்பாடும். நேரக் கட்டுப்பாடும் இருந்தவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல்படி இது பெரிய வித்தியாசமே இல்லை. என் அனுபவமும் அதுதான்: எடையைக் குறைத்தது கடிகாரம் அல்ல, சாப்பாடு குறைந்ததுதான். ஒன்பதரை மணிக்கு டிவி முன்னால் மிக்சர், பிள்ளைகள் மிச்சம் வைத்த சாதம் எல்லாம் எட்டு மணிக் கட்டுப்பாட்டால் நின்றன. நடுவில் ஒரு மாதம் எடை நகரவில்லை. மதியம் இரண்டு மடங்கு சோறு உள்ளே போயிருந்தது. இப்போது முதலில் முட்டையோ சுண்டலோ, அப்புறம்தான் சோறு.

கல்யாண வீட்டில் காலைப் பந்தி என்றால் அன்றைக்கு விரதம் கிடையாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். என்னைப் பார்த்து அப்பாவும் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டார். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு டிபனை விட்டிருக்கிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். பத்தரை மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்திருந்தவருக்கு அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். இப்போது பழையபடி எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறார், என்னை ஒரு முறை முறைத்துவிட்டு.