டாக்டர் பதில்கள்: திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. டோம்பிவிலியில் இருக்கிறோம். தினமும் மும்பை லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் போய், ஃபோர்ட்டில் ஆபீஸ். ஆறு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுவேன். இரண்டு நாளில் சரியாகும், நிறுத்திவிடுவேன். அப்புறம் மறுபடியும் வரும். மாமியார் உடம்புச் சூடு என்கிறார். கணவரோ, "சுத்தமாக இருந்தால் ஏன் வருகிறது?" என்கிறார். இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். எதனால் இப்படி?
- வாசகி, டோம்பிவிலி

பதில்: இந்தப் பதிலை உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். மாட்டுங்காவில் என்னிடம் வரும் பெண்களில் பலர் வலியைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் கூசிப்போகிறார்கள். உங்கள் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. எஷெரிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1885-இல் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தது. உங்கள் குடலிலும் இருக்கிறது, உங்கள் கணவர் குடலிலும் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து மேலே ஏறினால்தான் வம்பு. ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 20 செ.மீ.; பெண்ணுக்கு வெறும் 4 செ.மீ. தாம்பத்திய உறவின்போதும் கிருமி உள்ளே தள்ளப்படலாம். இதில் யாருடைய அழுக்கும் இல்லை.

ஏறி வந்ததைச் சிறுநீரே அடித்துக்கொண்டு போய்விடாதா? பல நேரம் போய்விடும். ஆனால் தொற்று உண்டாக்கும் ரகங்களின் உடம்பு முழுக்க நுண்ணிய இழைகள் உண்டு. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்றொரு புரதம். சிறுநீர்ப்பையின் உள்சுவர் செல்களில் இருக்கும் மானோஸ் என்ற சர்க்கரையை அது பிடித்துக்கொள்ளும். புடவையில் நாயுருவி விதை ஒட்டுகிற மாதிரிதான்; உதறினால் போகாது.

ஒட்டுவதோடும் நிற்பதில்லை. செல்லுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகப் பெருகும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எலிகளின் சிறுநீர்ப்பையில் இதைக் காட்டினார்கள். பிறகு நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் அப்படிப்பட்ட செல்கள் தென்பட்டன. பாதிக்கப்பட்ட செல்களை உடம்பு உதிர்த்துத் தள்ளும். அது நல்ல தற்காப்புதான். ஆனால் அடியில் இருக்கும் இளம் செல்கள் அப்போது வெளிப்படும். எலிகளில் சில கிருமிகள் அவற்றுக்குள் போய் வாரக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்கின்றன. திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். குடலிலிருந்து புதிதாக ஏறி வருவதும் உண்டு.

அதனால்தான் நீங்களாகவே மாத்திரை போட்டு இரண்டு நாளில் நிறுத்துவது எனக்குக் கவலையாக இருக்கிறது. எரிச்சல் அடங்கிவிட்டால் கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தவிர, கடையில் கைக்கு வரும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு நம் நாட்டு ஈ.கோலை இப்போது அசைவதே இல்லை. அடுத்த முறை வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பார்த்து யூரின் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். சொன்ன நாள்வரை மருந்தை முடியுங்கள்.

அடுத்தது தண்ணீர். லோக்கலில் கழிப்பறை இல்லை, ஸ்டேஷன் கழிப்பறைக்குள் நுழைய முடிவதில்லை. ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வண்டி ஏறும் பெண்கள் இந்த ஊரில் ஏராளம். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அடிக்கடி இந்தத் தொற்று வந்து, குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் குடிக்கத் தொடங்குங்கள், மணிக்கணக்கில் அடக்காதீர்கள், கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். உறவுக்குப் பிறகும் போய்விடுவது நல்லது.

மாமியார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வெயிலில் வியர்த்தால் சிறுநீர் குறையும். அவர் தரும் பார்லித் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். கிருமி சுவரை விட்டு இதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி மானோஸ் பவுடர் விற்கிறார்களே, அதற்குச் செலவழிக்காதீர்கள். பிரிட்டனில் சுமார் 600 பெண்களிடம் சோதித்ததில் பலன் தெரியவில்லை என்று 2024-இல் வந்திருக்கிறது. சோப்பை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அங்கே நமக்குக் காவலாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகளுக்கு அது ஆகாது. வெளியே மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தால் லேசான எரிச்சலுக்கே போக வேண்டும்.