இரக்கப்பட்டு வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

செல்லப்பிராணி வியாபாரத்திலும் விலங்கு ரோம வியாபாரத்திலும் நடக்கும் கொடுமைகளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நாகர்கோவிலில் நான் தினமும் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு பெட் ஷாப். வாசலில் கம்பிக் கூண்டு, உள்ளே நான்கு நாய்க்குட்டிகள், மத்தியான வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. 60 நாள் குட்டி என்கிறார் கடைக்காரர். நிற்கவே தள்ளாடுகின்றன. ஒன்றையாவது வாங்கிக் காப்பாற்றலாமா? போலீஸில் சொன்னால், "இதெல்லாம் கேஸ் ஆகாதும்மா" என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, பார்வதிபுரம்

வாங்காதீர்கள். அந்தக் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் இதைச் சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை, ஆனாலும் வாங்காதீர்கள். ஒரு கூண்டு காலியானால் ஒரு வாரத்துக்குள் அடுத்த குட்டி வந்துவிடும். அதை ஈன்ற தாய், யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் கிடக்கும். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த ஈற்றில் உடம்பு வற்றிச் சாவது அதுதான். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் ஆகாத பெட்டை நாயை இணைசேர்க்கக் கூடாது, அதன் ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது, குட்டியை 8 வாரம் ஆகாமல் விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்கவும் வேண்டும்.

வயதைக் கடைக்காரர் வாயால்தான் அறிய வேண்டும் என்றில்லை, குட்டியின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். மூன்றாவது வாரத்தையொட்டித்தான் பால்பல் முளைக்கத் தொடங்கும். 8 வாரம் நிறையும்போது 28 பால்பல்லும் வந்திருக்கும். பின்பக்கக் கடைவாய்ப் பல் இன்னும் ஈறுக்குள் இருந்தால், அந்தக் குட்டி தாய் மடியில் இருக்க வேண்டியது. சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியை அடக்கத் தெரியாது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் அதைக் கற்கும். அதைவிட ஆபத்து பார்வோ நோய். கிருமி தொற்றி 3 முதல் 7 நாள் வரை குட்டி நன்றாகத்தான் இருக்கும். கடையில் தொற்றியிருந்தால், சனிக்கிழமை வாங்கும்போது துள்ளிய குட்டி அடுத்த வெள்ளிக்குள் ரத்தக் கழிச்சலில் சுருண்டுவிடும். கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையை முதலில் சுத்தமாகக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். குட்டி செத்த வீட்டில் இதைச் செய்யாமல் உடனே இன்னொன்றை வாங்கி வந்து அதையும் பறிகொடுப்பவர்கள் நிறையப் பேர்.

போலீஸ் சொன்னதில் பாதி உண்மை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, உடம்பை அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு சில குற்றங்களில் மட்டுமே போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. சின்னக் கூண்டு அதில் வராது. முதல் தடவைக்கு அபராதமும் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் வாதாடியதன் பலனாக வந்த சட்டம் இது. அன்றைய 50 ரூபாயை இன்றும் 50 ரூபாயாகவே விட்டு வைத்திருப்பது வெட்கக்கேடு.

எனவே கூண்டைப் பிடிப்பதைவிடக் கடையின் பதிவைப் பிடியுங்கள். 2018-ஆம் ஆண்டு பெட் ஷாப் விதிகளின்படி மாநில வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கடையே நடத்த முடியாது. சான்றிதழ் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவரில் அது இல்லையென்றால் உங்கள் மனுவின் முதல் வரி அதுதான். பிறகு தேதி, நேரம், கடையின் கதவு எண், எத்தனை விலங்கு, தண்ணீர்க் கிண்ணம் இருந்ததா, வெயில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை விழுகிறது என்று எழுதுங்கள். கூண்டை அளக்க விடமாட்டார்கள். தரை ஓட்டை வைத்துக் கணக்கிடலாம். 2 அடி ஓடு ஒன்றரை அடங்கினால் கூண்டு 3 அடி. "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று பத்து தடவை எழுதுவதைவிட இந்த 3 அடிக்கு மதிப்பு அதிகம். படம் ரோட்டில் நின்றே எடுங்கள், கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மனு மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு, நகல் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு, இரண்டும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில். இன்னொரு நகலைத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 1960-ஆம் ஆண்டு சட்டப்படி வழக்கு போடுவதென்றால் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். ஆறப்போட்டால் உங்கள் படங்களுக்கு மதிப்பில்லை. விலங்கை அடித்து ஊனமாக்கினாலோ கொன்றாலோ விஷயமே வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. அப்போது நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

வீட்டில் ஆறு வருடமாகப் பச்சைக்கிளி வளர்க்கிறோம், பிள்ளை மாதிரி. வளர்ப்பது குற்றம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். திறந்துவிட்டுவிடலாமா?
– குடும்பத் தலைவி, மார்த்தாண்டம்

குற்றம்தான், அண்ணன் சொன்னது சரி. பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள பறவை. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டாம் அட்டவணைக்குள் வந்தது. அன்பாக வளர்க்கிறோம் என்பதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. லவ் பேர்ட்ஸ், காக்டெயில் போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

ஒரு பச்சைக்கிளி கூண்டுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் நீங்களே இன்னொன்று வாங்கமாட்டீர்கள். தை, மாசியில் தலைபோன தென்னையின் பொந்திலும் பனையிலும் கிளி குஞ்சு பொரிக்கும். இறகு முளைக்காத குஞ்சைக் கையை விட்டு இழுத்து, சாக்கிலும் கூடையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக் கொண்டுவருவார்கள். தீனிப்பை நிரம்பாமலும், அடியில் நசுங்கியும், வெயிலில் வெந்தும் பல குஞ்சுகள் வழியிலேயே போய்விடும். பொந்து எட்டாவிட்டால் மரத்தையே வெட்டிச் சாய்ப்பவர்களும் உண்டு. அப்புறம் அந்த மரத்தில் எந்தப் பறவைக்கும் வீடில்லை.

ஆனால் திறந்துவிடாதீர்கள். ஆறு வருடம் கையில் தின்ற கிளிக்கு இரை தேடத் தெரியாது, வல்லூறைப் பார்த்து ஒதுங்கத் தெரியாது. சிறகு வெட்டியிருந்தால் இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை ஒழுங்காகப் பறக்கவும் முடியாது. முதல் நாளே காக்கை சூழ்ந்து கொத்திவிடும். நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்திலோ, பக்கத்து வனச்சரக அலுவலகத்திலோ ஒப்படையுங்கள். வெயில் ஏறும் முன், காற்றோட்டமான பெட்டியைத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். இருட்டில் பறவை படபடக்காது. எந்த ஆண்டு, எப்படிக் கிடைத்தது, என்ன தின்கிறது, தானாக முன்வந்து ஒப்படைக்கிறோம் என்பதை எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். சோதனையில் பிடிபடுவதும் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்றல்ல.

அதுவரை சூரியகாந்தி விதையை மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பால் ஈரல் கெடும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் கண்ணும் வீங்கும். ஊறவைத்த பயறு, கொய்யா, முருங்கைக் கீரை, கேரட், பச்சை மிளகாய் நல்லது. மிளகாய்க் காரம் கிளிக்கு உறைக்காது. உப்புப் போட்ட பண்டமும் சாக்லேட்டும் வேண்டவே வேண்டாம்.

கோவில் கொடைக்குப் போன இடத்தில் பிள்ளைகள் அழுதார்கள் என்று நான்கு கலர்க் கோழிக்குஞ்சு வாங்கினேன். சாயம் போகட்டும் என்று குளிப்பாட்டினோம். இரண்டு செத்துவிட்டன.
– வாசகர், குளச்சல்

குளிப்பாட்டியதில் குளிர்ந்துதான் செத்திருக்கும். இனித் தண்ணீரில் நனைக்காதீர்கள். சாயம் தானாகப் போகும், இறகு மாறும்போது சில வாரத்தில் நிறம் உதிர்ந்துவிடும்.

முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை. முட்டையிடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது. பொரித்த அன்றே ஒதுக்கப்படுபவற்றில் ஒரு பங்குதான் சாயத்தில் முங்கித் திருவிழாவுக்கு வருகிறது. ஈரத்தோடு அட்டைப்பெட்டியில் அடைபட்டு வருவதால் பாதி உயிர் அங்கேயே போயிருக்கும்.

மிச்சம் உள்ள இரண்டையும் காப்பாற்றப் பாருங்கள். முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். 2 அடிக்கு 2 அடி அட்டைப்பெட்டியில் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். பல்பு அட்டையிலோ துணியிலோ படக்கூடாது. எல்.இ.டி. போட்டுவிட்டு, லைட் எரிந்தும் குஞ்சு செத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர். தூரப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவித் தின்றுகொண்டிருந்தால் சரி. அடியில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரிந்து முடமாகும், உமியோ சாக்கோ போடுங்கள். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லையென்றால் அதிலேயே மூழ்கும். நொய்யரிசி மட்டும் போட்டால் கால் வலுவிழக்கும், குஞ்சுத் தீவனம் வாங்குங்கள். 5 முதல் 7 நாளில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து உண்டு, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிழைத்தால் இரண்டும் சேவலாகத்தான் இருக்கும், விடியுமுன் கூவும். அதைத் தெரிந்தே வளருங்கள்.

மீன்கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது. தேரூர்க் குளத்தில் விடலாமா?
– வாசகர், சுசீந்திரம்

கூடாது. அது அமெரிக்க ஆமை. ஓடு ஓரடி வரை வளரும், 30 வருடம்கூட வாழும், நம் குளத்து மீன், தவளை, செடி எதையும் விடாது. சுசீந்திரம் – தேரூர் நீர்நிலை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022 முதல் உள்ள இடம். பெரிய சிமெண்ட் தொட்டி கட்டுங்கள், அல்லது அப்படி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் குளிர்கோட்டு அனுப்பியிருக்கிறாள். தலைமூடியின் ஓரத்தில் ரோமம் இருக்கிறது. "செயற்கை" என்று லேபிள். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கருங்கல்

லேபிளை மட்டும் நம்ப முடியாது. ரக்கூன் நாய் எனப்படும் விலங்கின் ரோமத்தைச் செயற்கை என்று விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பண்ணை ரோமம் மலிந்துபோனதால், சின்ன ஓரப்பட்டைக்கு அசலும் நகலும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ரோமத்தை இரு கையாலும் விலக்கி அடியைப் பாருங்கள். அசலில் தோல் தெரியும், செயற்கையில் நெய்த துணி தெரியும். குண்டூசி துணியில் சுலபமாக இறங்கும், தோலில் முட்டும். பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். அசல் ரோமம் ஊசிபோலக் கூராகும். செயற்கை பெரும்பாலும் மொட்டையாக வெட்டுண்டிருக்கும். அசலில் நீள முடிக்குக் கீழே குட்டையான, பஞ்சு மாதிரி இரண்டாவது அடுக்கும் இருக்கும். கடைசியாக, இரண்டு மூன்று இழையை மட்டும் பிடுங்கி, கோட்டிலிருந்து தள்ளி வைத்து, இடுக்கியால் பிடித்துத் தட்டின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றத்தோடு பொடியாக உதிர்ந்தால் அசல். பிளாஸ்டிக் வாடையோடு உருகிக் கெட்டி மணியாக நின்றால் செயற்கை.

அசலென்றால் அது வந்த வழி இது: கம்பிவலையே தரையாக உள்ள கூண்டில் ஆயுள் முழுக்க நின்ற விலங்கு. தோல் கிழியக் கூடாது, ரத்தம் படக் கூடாது என்பதற்காக மிங்க் என்ற, கீரி போன்ற சிறு விலங்கை விஷவாயுவிலும் நரியை மின்சாரம் பாய்ச்சியும் கொல்கிறார்கள். ஒரு முழு மிங்க் கோட்டுக்கு 50-க்கு மேற்பட்ட உயிர். 2020-இல் கொரோனா பண்ணைகளுக்குள் புகுந்ததும் டென்மார்க் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மிங்க்குகளைக் கொன்று புதைத்தது. பிரிட்டன் ரோமப் பண்ணைகளுக்கு எதிராக 2000-த்திலேயே சட்டம் போட்டுவிட்டது. இந்தியா 2017-இல் மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியைத் தடுத்தது. அசலாக இருந்தால் மகளிடம் கடையின் பெயரைக் கேட்டு, தவறான லேபிள் என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்புக்கு எழுதச் சொல்லுங்கள். கோட்டைத் தூக்கி எறிவதால் எந்த விலங்கும் பிழைக்காது. அந்தப் புகார் அடுத்த சரக்கைத் தடுக்கக்கூடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தூரிகை வாங்க வேண்டும். கீரி முடி தூரிகை இன்னும் விற்கிறார்களா?
– ஓவிய ஆசிரியர், தக்கலை

விற்கிறார்கள். கீரியும் 1972-ஆம் ஆண்டு சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதுதான். கண்ணி வைத்துப் பிடித்து அடித்துக் கொல்கிறார்கள். ஒரு கீரியில் தூரிகைக்குத் தேறுவது சில பத்து கிராம் முடி. உத்தரப் பிரதேசத்துப் பிஜ்னோர் மாவட்டத்தின் ஷேர்கோட் தூரிகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே கீரி முடி பலமுறை பறிமுதலாகியிருக்கிறது.

அடையாளம் எளிது. ஒரே முடியில் கறுப்பு, வெளிர்மஞ்சள், கறுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறினால் சந்தேகப்படுங்கள். நைலான் தூரிகை அடிமுதல் நுனிவரை பெரும்பாலும் ஒரே நிறம், மினுமினுப்பாக இருக்கும். ஓர் இழையைக் கொளுத்தினால் உருகும். நீர்வண்ணத்துக்கு டாக்லான் என்ற செயற்கை முடி போதும். வட்டத் தூரிகையில் 2, 6, 10 எண்களும் ஒரு தட்டைத் தூரிகையும் இருந்தால் பள்ளி அளவுக்குக் குறையில்லை. வேலை முடிந்ததும் கழுவிப் படுக்கவைத்து உலர்த்தச் சொல்லுங்கள். முனையை மேலே நிறுத்தினால் தண்ணீர் தகரப் பூணுக்குள் இறங்கிப் பசை விட்டு முடி கொட்டும். கடையில் கீரி முடி என்றே சொல்லி விற்றால் ஒரு தூரிகையைக்கூட வாங்காதீர்கள். உறையைப் படமெடுத்து, கடை முகவரியோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். இந்தச் சட்டத்தில் வனத்துறையே நேரடியாகச் சோதனை போட முடியும்.