பூனை மக்களின் நாடோடிக் கடவுள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன் ஆடும் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ கணினி விளையாட்டில் கஜீத் என்னும் பூனை மக்கள் வருகிறார்கள். அவர்களுடைய தெய்வங்களுள் பான் தார் என்பவன் திருடர்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் துணையாகத் திரியும் தந்திரக்காரன் என்று அவன் ரசித்துச் சொன்னான். எனக்கு உறுத்தியது. ஓர் இனத்தையே திருட்டோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை இது பிள்ளைகளிடம் வளர்க்காதா? திருடனைக் கும்பிடுவதில் என்ன பொருள் இருக்க முடியும்?

ஈசூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தில் கஜீத் வணிகர்கள் நகர மதிலுக்கு வெளியேதான் கூடாரம் அடிக்கிறார்கள். திருடுவார்கள், போதைப்பொருள் கடத்துவார்கள் என்று சொல்லி அவர்களை உள்ளே விடுவதில்லை. அந்தப் பழியைப் பொய்யாக்க வேண்டிய ஆட்டமே, பிறகு அதே வணிகர்களைத் திருட்டுப் பொருள் வாங்குபவர்களாகவும் காட்டிவிடுகிறது. இதைப் படைப்பாளிகளின் சோம்பல் என்றே சொல்வேன்.

ஆனால், பான் தாரை அந்தப் பழியின் நீட்சியாகக் கொள்ள முடியாது. அவ்வுலகின் சமயக் குறிப்புகள் அவனுக்கு இரண்டு முகங்களைத் தருகின்றன. பிற நாடுகளில் அவன் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் சிறுதெய்வம். கஜீத்களின் தாயகமான எல்ஸ்வேரிலோ அவன் முக்கியமான தெய்வம், ‘புறந்தள்ளப்பட்டவன்’ என்பதே அங்கே அவனுக்குள்ள பட்டம். நெடுங்காலம் துன்புற்ற ஒரு மக்கள்கூட்டம், எல்ஃப் என்னும் வேற்றினத்தாரும் மனிதர்களும் தனக்கெதிராகத் தீட்டும் திட்டங்களைக் கடைசி நேரத்தில் கவிழ்த்துவிடுகிற அந்த நெருக்கடிக்காலச் சாமர்த்தியத்தையே பான் தார் என்று பெயரிட்டு வணங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டாகத் தெரிவது உள்ளே இருப்பவருக்குப் பிழைத்திருத்தலாக இருக்கிறது.

திருட்டையே கும்பிடுவதென்றால் அவர்களுக்கு ராஜின் என்று வேறொருவன் இருக்கிறான். சென்சால் நகரத்துச் சேரியில் வளர்ந்த அவன், உறங்கிக்கொண்டிருந்த பேரரசி கின்டைராவின் கழுத்திலிருந்த பச்சைகுத்தலையே திருடியதாகக் கதை. (பச்சைகுத்தலை எப்படித் திருடுவது என்று கேட்காதீர்கள், கதையின் அழகே அதுதான்.) ராஜினுக்குத் திறமை, புகழ், வரலாறு எல்லாம் உண்டு. பான் தாரிடம் நாம் காண்பது தனி ஒருவனின் திறமையை அன்று, வேறு வழியற்றுப்போன ஒரு கூட்டத்தின் அறிவை.

நம்மவர்களுக்கு இது அந்நியமா? திருவிளையாடற் புராணத்தில் குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்ட வாதவூரரைக் காக்க இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அரிமர்த்தன பாண்டியனிடம் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிடுகின்றன. கறாராகப் பார்த்தால் இது அரசனுக்கு எதிரான மோசடி. அதே கதைத் தொடரில், ஆதரவற்ற வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்து, பிட்டைத் தின்றுவிட்டுக் கரையை அடைக்காமல் ஆடிப்பாடிக் காலம் கழித்து, பிரம்படியும் வாங்குகிறான். அந்த அடி பாண்டியன் உட்பட அனைவர் முதுகிலும் விழுகிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. சிவனுக்கு முடிவு முன்பே தெரியும். பான் தாரின் தந்திரமோ எல்லாம் கைவிட்டுப் போன பிறகு பிறப்பது, ஆகவே அவன் நம் கூலியாளைவிட அச்சத்துக்கு அருகில் நிற்பவன்.

சிங்கப்பூர் என்னும் இந்தத் தீவின் பழங்கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. மஜாபாகித் படையெடுப்பால் சிங்கபுரத்தை இழந்து ஓடிய இஸ்கந்தர் ஷா, வெள்ளைச் சருகுமான் ஒன்று தன் வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதைக் கண்டு, அந்த இடத்தில்தான் மலாக்காவை அமைத்தான் என்று மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ சொல்கிறது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் புலியையும் முதலையையும் ஏமாற்றும் சாங் காஞ்சிலும் ஒரு சருகுமான்தான். நாட்டை இழந்தவன் கண்ணில் சிங்கம் படாமல் அந்தச் சிறு விலங்கு பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே மகன் பான் தாரை ரசிப்பதில் எனக்குக் கவலையில்லை. மதிலுக்கு வெளியே நிற்கும் அந்த வணிகர்களைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர்களை உள்ளே விடாததற்கு அவன் சொல்லும் காரணத்தில் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்.