ஸ்லோவில் நிற்காத பழைய வண்டிகள்: இந்த மாதக் கேள்விகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழை. பழைய வண்டிக்காரர்களின் கடிதமும் அதே கணக்கில் இரண்டு தடவை மொத்தமாக வந்து விழும். இந்த முறை வந்ததில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: ஓடும்போது சரி, சிக்னலில் நின்றால் குலுங்குகிறது. எல்லாவற்றுக்கும் முன்பாக, போன மாதம் சொன்னதையே இன்னொரு தடவை சொல்கிறேன். காரணம் தெரியும் வரை ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். ஸ்லோ, ஐட்லிங் என்பதெல்லாம் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுகிற வேகம்; அதை ஏற்றி இறக்குவதுதான் அந்த ஸ்க்ரூ.

தக்கலை, மாருதி 800, 1997 மாடல்: காலையில் சோக் இழுத்தால் அருமையாக நிற்கிறது. சூடான பிறகு சோக்கைத் தள்ளினால் உதறி அணைந்துவிடுகிறது. பாதி சோக் இழுத்து வைத்தே ஒரு மாதமாக ஓட்டுகிறேன், அண்ணாச்சி.

நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. சோக்கில் நிற்கிறது என்றால், ஒன்று ஸ்லோவுக்கு பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. முதலில் காசில்லாத சோதனை. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட விடாமல், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரில், கரண்டில் திறந்து ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சோலினாய்டு என்ற வால்வு இருக்கும்; அதன் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை என்றால் ஒயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் இருந்தும் டிக் இல்லை என்றால் சோலினாய்டு போய்விட்டது. சத்தம் வந்தால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஏர் அடியுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

ஜெட்டும் சுத்தம் என்றால் காற்றுக் கசிவு. கார்பரேட்டர் அடியில் உள்ள கேஸ்கெட், அங்கிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் பாக்கிங், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், சின்னச் சின்ன வேக்கம் டியூப்கள். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலால் மேனிஃபோல்டு இணைப்புகளில் மட்டும் லேசாக நனைத்துப் பாருங்கள், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டாம். எஞ்சின் சத்தம் மாறுகிற இடம்தான் கசிகிற இடம். சிலர் கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எஞ்சின் மேல் தீப்பிடிக்கிற சரக்கைத் தெளிக்க எனக்கு மனசு வராது. அப்புறம், ஒரு மாதம் சோக்கில் ஓட்டியதால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், தெரியும். ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பெயர், ஊர் இல்லை: கார் ரொம்ப குலுங்குது. என்ன செய்யலாம்?

கீழே இறங்கி நிற்கலாம். என்ன வண்டி, எந்த வருடம், பெட்ரோலா டீசலா கேஸா, குளிரிலா சூட்டிலா, ஏசி போட்டா போடாமலா? இதில் ஒன்றுகூட எழுதாமல் நான் எதைப் பார்த்துச் சொல்ல? மறுபடி எழுதுங்கள்.

குளச்சல், ஆம்னி, 1999: மழைக்காலத்துக் காலையில் மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. பத்து கிலோமீட்டர் போனால் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஈரம். கடலை ஒட்டி நிற்கும் வண்டிக்கு ஈரத்தோடு உப்பும் சேர்ந்துவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பித்தளை முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். முனைக்கு முனை பென்சிலால் கோடு இழுத்தது போலக் கறுப்பு இழை ஓடினால், தேய்த்துப் பயனில்லை, கேப்பையே மாற்றவேண்டும். இரவில் லைட் இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் ஒயர் கசிந்தால் நீல நிறத்தில் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஒயரைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியில் இருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரின் முனைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்து வண்டிகளில் பாதி மர்மம் அந்த எர்த்தில்தான் இருக்கிறது.

மார்த்தாண்டம், ஜென், கார்பரேட்டர் மாடல், 1998: ஐட்லிங் குலுங்குகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்கள். இப்போது குலுக்கம் இல்லை. ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது, முதல் கியரில் பிரேக்கை மிதித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது, சாவியை அணைத்தாலும் இரண்டு மூன்று தடவை கடகடத்துத்தான் நிற்கிறது. இது எதனால்?

பத்து நிமிடம் என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? முப்பது வருடமாக இந்த வைத்தியத்தைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்றால் 850 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 850 சுற்றில், அந்த இடைவெளி உடம்பில் தெரியும். அதையே 1300-க்கு ஏற்றிவிட்டால் ஃபிளைவீல் சுற்றுகிற வேகம் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. குலுக்கம் மறையும், சிலிண்டர் எரியாதது எரியாததுதான். உங்கள் மைலேஜ் போன வழி அது. மார்த்தாண்டத்து நெரிசலில் நிற்கிற நேரமெல்லாம் தேவைக்கு மேல் சுற்றுகிறது, அந்த வேகம்தான் முதல் கியரில் முன்னால் தள்ளுகிறது. சாவியை அணைத்த பிறகும் ஓடுவதற்குக் காரணம், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பிளேட் திறந்தே நிற்பதால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போய், உள்ளே சிவந்திருக்கும் கரியில் பற்றிக்கொள்வது.

இதைவிட மோசமான கெடுதல் ஒன்று உண்டு. ஸ்லோ ஸ்க்ரூவை அதிகம் ஏற்றினால் த்ராட்டில் பிளேட் ஸ்லோ துளையைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் ஸ்லோவில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் கேட்காது. "மிக்சர் வேலை செய்யவில்லை, கார்பரேட்டர் போச்சு" என்று அடுத்த மெக்கானிக் புதுசு வாங்கச் சொல்வார். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், அதன் கதையும் அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட் வேகம் ஏறும்போது டைமிங்கை முன்னால் தள்ளும். 1300-ல் வைத்து லைட் அடித்து டைமிங் பார்த்தால் தப்பான கணக்கைச் சரி என்று வைப்பீர்கள், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. ஒரு ஸ்க்ரூ, எத்தனை புது வியாதி!

செய்யவேண்டியது இது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவை 850-900-க்கு இறக்குங்கள். குலுங்கட்டும், குலுங்கினால்தான் நோய் தெரியும். எஞ்சினை அணைத்து, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அந்த ஒயரை வேறொரு பழைய பிளக்கில் மாட்டி எஞ்சின் உடம்பில் நன்றாகப் படும்படி வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். எர்த் இல்லாமல் ஒயரைத் தொங்கவிட்டால் காயிலும் கெடும், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் வித்தியாசமே தெரியவில்லையோ, அதுதான் குற்றவாளி. அதன் பிளக்கை பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். நோயும் கூடவே போனால் பிளக்தான். போகாவிட்டால் ஒயர், பிறகு டேப்பெட் (வால்வு இடைவெளி), பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்), இந்த வரிசையில்.

புது பிளக்கையும் சந்தேகப்படுங்கள். ஒரு தடவை நானே புதிதாக நான்கு வாங்கிப் போட்டு, புதுசுதானே என்று அதைப் பார்க்காமல், இரண்டு நாள் கார்பரேட்டரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். நான்கில் ஒன்று டூப்ளிகேட். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

எல்லாம் சரியான பிறகு மிக்சர் ஸ்க்ரூவை எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தில் நிறுத்தி, கடைசியில் ஸ்லோவை மறுபடி 850-க்கு இறக்குங்கள். எந்த ஸ்க்ரூவைத் தொடுவதானாலும் முதலில் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், வடசேரி, பிரீமியர் பத்மினி கார்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் கேப் எவ்வளவு? எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

0.42 முதல் 0.48 மில்லிமீட்டர். பாயிண்ட் மாற்றும்போது கண்டன்சரையும் மாற்றுங்கள், பாயிண்ட் சீக்கிரம் கருகினால் பெரும்பாலும் அதுதான் காரணம். எலெக்ட்ரானிக் தாராளமாகப் போடலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் டேஷ்போர்டில் வைத்திருங்கள். ராத்திரி ஆரல்வாய்மொழி தாண்டி நின்றுவிட்டால் அதுதான் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும்.

நாகர்கோவில், 1996 கார்பரேட்டர் கார்: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ஐட்லிங் கெட்டதா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லாரும் சொல்வதில் பாதி சரி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் வந்தது. இப்போது அதுதான் பெட்ரோல் பங்குகளில் பொதுவான சரக்கு. எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் அடித்துக்கொள்ளும். கார்பரேட்டருக்குக் கண் கிடையாது, பழைய ஜெட் அளவிலேயே விடும். அதனால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, ஸ்லோவில் லேசாகத் தள்ளாடலாம். மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திறந்தால் பல வண்டி அடங்கிவிடும்.

நான் அதிகம் பயப்படுவது வேறு இரண்டுக்கு. பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போய் வெடிப்பு விடும். டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த துரு, பிசினெல்லாம் கழன்று ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் வரும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், அது சில நூறு ரூபாய் வேலை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மூடி சரியில்லாத டேங்கில் மழைத் தண்ணீர் இறங்கினால், அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கும். அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கைக் கழுவவேண்டும். ஒரே அடுக்காக இருந்தால் எத்தனாலைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஜென்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

குலசேகரம், மஹிந்திரா ஜீப், டீசல்: ரப்பர் ஷீட் ஏற்றுகிற வண்டி. ஸ்லோவில் ஒரு பக்கமாக ஆடுகிறது, வெள்ளைப் புகை. ரேஸ் பண்ணினால் சரி.

டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டிருக்கும், அல்லது டீசல் லைனில் காற்று. முதலில் ஃபில்டரில் தண்ணீரை இறக்கி, ஏர் எடுங்கள். டீசல் பைப்பை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர்களைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் அல்லவா, அது வேண்டாம். பிறகு ஸ்லோவில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் கால் சுற்று தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். எதைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த நாசிலை பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். கையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், பைப்புக்கு நேராக விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி விஷயம். இந்த வேலை பழைய டீசலுக்கு மட்டும். மிக அதிக அழுத்தத்தில் ஓடும் புது காமன்ரெயில் டீசல் வண்டியில் நட்டைத் தொடவே கூடாது.

திங்கள்சந்தை, சான்ட்ரோ, 2004: த்ராட்டில் பாடியைக் கழுவினேன். இப்போது ஐட்லிங் ஏறி இறங்கி ஊசலாடுகிறது.

கழற்றிய ஹோஸ் ஒன்றை மாட்ட மறந்திருப்பீர்கள், அல்லது பாடியின் கேஸ்கெட் கிழிந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் ஐட்லிங் வால்வில் கரி. அதையும் கழுவி, பேட்டரியை அரை மணி நேரம் கழற்றி மாட்டி, ஏசி போடாமல் பத்து நிமிடம் ஸ்லோவில் விடுங்கள். த்ராட்டிலில் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.

இரணியல், ஸ்பிளெண்டர் பைக்: ஸ்லோவில் அணைகிறது.

ஸ்லோ ஜெட், ஏர் ஃபில்டர், பிளக். இந்த வரிசையில்.

ஆரல்வாய்மொழி: ஆடி மாதக் காற்று பலமாக அடித்தால் ஐட்லிங் விழுமா?

காற்றாலைக்குத்தான் அந்தக் காற்று. உங்கள் வண்டிக்கு வருவது அதில் பறக்கிற மண். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், ஒரு கைப்பிடி விழும்.

கருங்கல், ஆல்டோ, 2002: ஸ்லோவில் மட்டும் குலுக்கம். எஞ்சினை இறக்கி வேலை செய்யவேண்டும், பாதிப் பணம் முன்னால் கொடுங்கள் என்கிறார்கள். இறக்கட்டுமா?

கம்ப்ரெஷன் பார்த்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பெட் கேப்பைப் பாருங்கள். ஒரு வால்வு டைட்டாக இருந்தாலே ஸ்லோவில் குலுங்கும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, பிளக் எல்லாவற்றையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 170 பிஎஸ்ஐ பக்கம் இருந்தால் நல்லது, 140 இருந்தாலும் ஓடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 15-க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் கூடினாலே குலுக்கம் நின்றுவிடுகிறது, பிளக் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கிறது என்றால் அதுவாகவே இருக்கலாம். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் நடுக்கம் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். கேஜ் அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.