அலாய் வீலில் வெள்ளைக் கோடுகள்: கழுவினால் போகுமா, பூசினால் மறையுமா?

குளச்சலில் கடற்கரைக்கு அருகே வீடு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கார் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அலாய் வீல்களில் பழுப்புப் புள்ளிகள் படிந்திருக்கின்றன. முன்சக்கரங்கள் இரண்டிலும் விளிம்பை ஒட்டி, புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. வாட்டர் வாஷ் கடையில், ஆசிட் போட்டுக் கழுவினால் புதிதுபோல ஆகிவிடும் என்கிறார்கள். கார் அலங்காரக் கடைக்காரர் ஒருவரோ, நான்கு சக்கரங்களுக்கும் செராமிக் கோட்டிங் என்னும் கெட்டியான பாதுகாப்புப் பூச்சைப் போட்டுவிட்டால் பிறகு கவலையே இல்லை என்கிறார். இரண்டில் எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் சக்கரத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஒன்று கழுவினால் போகும், மற்றொன்று எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல்தான் இருவரும் உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

பழுப்புப் புள்ளிகள் அலாயின் துரு அல்ல. அலாய் வீல் என்பது அலுமினியக் கலவையால் ஆனது; அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் சூட்டோடு தெறித்து, சக்கரத்தின் மேலுள்ள லாக்கர் என்னும் நிறமற்ற மேல்பூச்சில் ஒட்டிக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கின்றன. காரின் பாரம் பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களில்தான் இவை அதிகம் இருக்கும். வெள்ளைக் கோடுகளின் கதை வேறு. கல் தெறித்தோ, பஞ்சர் கடையில் டயர் கழற்றும்போது கம்பி பட்டோ, லாக்கரில் ஓரிடத்தில் சிறு வெடிப்பு உண்டாகிறது; அதன் வழியே உப்பு ஈரம் உள்ளே இறங்கி, பூச்சுக்கு அடியிலேயே அலுமினியத்தை அரித்துக்கொண்டு முன்னேறுகிறது. உங்கள் விரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல்பரப்பு வழவழப்பாக இருந்து, கோடு மட்டும் லேசாகப் புடைத்திருப்பது தெரிந்தால், அரிப்பு பூச்சுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். மேலே ஊற்றும் எந்தத் திரவமும் அங்கே போய்ச் சேராது. போய்ச் சேருமானால் அது பூச்சையும் தின்றுவிட்டுத்தான் போகும்.

நம் கடலோரத்தில் இது விரைவாக நடப்பதற்குக் காரணம் மழை மட்டுமன்று. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் இரவு நேரத்தில் அந்த அளவு ஈரம் இருப்பது சாதாரணம். ஆகவே ஒரு துளி மழை பெய்யாத நாளிலும், முற்றத்தில் நிற்கும் காரின் சக்கரம் உப்பு நீரில் நனைந்தபடியேதான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் திவலைகளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைத் தனியே சொல்லவே வேண்டாம். இத்தனை இருந்தும், காரோடு கொடுக்கப்படும் உத்தரவாதப் புத்தகங்கள் உப்பு, கடற்காற்று முதலியவற்றால் வரும் சேதத்தைப் பொறுப்பிலிருந்து விலக்கிவைப்பதே வழக்கமாக இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர் காசு கொடுத்து வாங்கும்போது இனிக்கும் வண்டி, பழுது என்று போய் நிற்கும்போது மட்டும் கடலோரத்து வண்டியாகிவிடுகிறது. வண்டியை ஒப்படைக்கும் நாளில், சக்கரத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்குக்கூட யாருக்கும் மனம் வருவதில்லை.

இனி ஆசிட். இதில் நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதன் மறைவில் பிழைத்திருக்கிற உலோகம்; வீரியமான அமிலமும் சரி, காஸ்டிக் சோடா போன்ற காரமும் சரி, அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். கழுவியவுடன் நீங்கள் காணும் பளபளப்பு அழுக்கு போனதால் மட்டும் வந்ததன்று, மேல்தோல் உரிந்ததாலும் வந்தது. சில வாரங்களில் அதே சக்கரம் சாம்பல் பூத்து மங்கிவிடும், லாக்கரில் வெடிப்பு இருந்த இடங்களில் அரிப்பு இன்னும் வேகம் எடுக்கும். கடைகளில் வரும் பெயரில்லாத கேன்களில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் கழுவுபவருக்கே தெரியாது. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதை உண்டாக்கும் உப்புகளோ இருப்பதுண்டு. அது தோலில் பட்டவுடன் வலிக்காமல், சில மணி நேரம் கழித்துக்கூட வலி தொடங்கலாம்; அதற்குள் சதைக்குள் இறங்கி உடலின் கால்சியத்தோடு வினைபுரியத் தொடங்கியிருக்கும். கையுறையும் இல்லாமல், ரப்பர் செருப்போடு நின்று அதைத் தெளிக்கும் பையன்களைப் பார்க்கும்போது, சக்கரத்தைவிட அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. லேபிள் இல்லாத கேனை விற்கிறவரிடம், இதில் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் வந்து கேட்டதை நான் பார்த்ததில்லை. நீங்களாவது கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், சக்கரத்துக்கு வெறும் தண்ணீரும் ஷாம்பும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

பழுப்புப் புள்ளிகளை நீங்களே வீட்டில் போக்கலாம். ஓடி வந்த சூடு முழுவதும் ஆறிய பிறகு, நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மணலை வெளியேற்றுங்கள். கார் ஷாம்பு கலந்த தண்ணீரையும் மென்மையான தூரிகையையும் கொண்டு, சக்கரத்தின் முகத்தை மட்டுமல்லாமல் ஆரக்கம்பிகளுக்குப் பின்னாலுள்ள உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் நிற்கும் புள்ளிகளுக்கு, அமிலமில்லாதது என்று லேபிளில் தெளிவாக எழுதியிருக்கும் அயர்ன் ரிமூவரை, அதாவது இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவத்தை, தெளித்தால், இரும்புத் துகள் உள்ள இடங்களிலிருந்து ஊதா நிறம் வழியும். காய விடாமல் சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும். நாற்றம் கொஞ்சம் பொறுக்க முடியாததாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் சக்கரத்துக்கும் புளி, எலுமிச்சை, தேங்காய் நார் என்று இறங்கிவிடாதீர்கள். ஓர் எச்சரிக்கை: கடலை ஒட்டிய பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கிறது. உப்பைப் போக்க உப்புத் தண்ணீரிலேயே கழுவினால் என்ன பயன்? கடைசி அலசலுக்காவது ஒரு வாளி குடிநீரைப் பயன்படுத்தி, துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

வெள்ளைக் கோடுகளுக்கு மேல் செராமிக் கோட்டிங் போடுவது, உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி முத்திரை குத்துவதாகும். கோடு பளபளப்புக்கு அடியில் தொடர்ந்து ஊர்ந்துகொண்டே இருக்கும். பூச்சு கெடாத புதுச் சக்கரத்துக்கு அது நல்ல பாதுகாப்புதான். அப்போதும், சக்கரத்தைக் கழற்றாமல் முகத்தில் மட்டும் தடவிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் முழு விலை வாங்குகிறார்களா என்று பாருங்கள். பிரேக் தூசு அதிகம் படிவது உட்புறத்தில்தான். பூச்சு நன்றாக இருக்கும் உங்கள் பின்சக்கரங்களுக்கு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதாரண வீல் வாக்ஸ் போட்டால் போதும்.

முன்சக்கரங்களுக்கு உண்மையான தீர்வு, டயரைக் கழற்றி, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, அரிப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பிரைமர் போட்டுப் புதிதாகப் பூசுவது. இந்த வேலையைத் தானே செய்வதாகச் சொல்லிச் சக்கரத்தை வாங்கி, வேறெங்கோ கொடுத்துத் தரகு எடுப்பவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறார்கள். டயரின் மேல் காகிதம் ஒட்டி ஸ்ப்ரே அடித்து அன்று மாலையே திருப்பித் தருகிறவரை நம்பாதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் அது உரிந்து வரும். பூச்சு நீக்கிய நிலையில் சக்கரத்தின் புகைப்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் தயங்க மாட்டார். சக்கரத்தில் விரிசல் இருந்து, அதை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சக்கரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றிய அலாய், வெல்டிங் சூட்டில் அந்த வலுவை இழந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் சக்கரம் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. முகப்பில் வெள்ளியாக மின்னும் பரப்பும் இடுக்குகளில் கறுப்பு நிறமுமாக இரண்டு நிறத்தில் இருந்தால், அது லேத்தில் கடைந்து எடுத்த டைமண்ட் கட் வகை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மின்னும் பரப்பில் இசைத்தட்டில் இருப்பதுபோல நுண்ணிய வட்டக் கோடுகள் தெரியும். இவ்வகையில் கடைந்த உலோகத்துக்கு மேல் ஒரு மெல்லிய லாக்கர் மட்டுமே இருக்கும். நிறப்பூச்சின் துணை அதற்கு இல்லை. வெள்ளைக் கோடுகள் இவற்றில்தான் முதலில் வருகின்றன. பழைய தோற்றத்தை மீட்க மறுபடியும் கடைய வேண்டும்; ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறைக்கு மேல் கடையக் கூடாது. கடலோரத்தில் மீண்டும் கடைந்த சக்கரத்திலும் அதே கோடுகள் திரும்ப வரும். ஆகவே உங்களுடையது இவ்வகையென்றால், மின்னும் முகத்தை மறந்துவிட்டு, முழுச் சக்கரத்துக்கும் ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் (நிறத்தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அழகு கொஞ்சம் குறையும், சக்கரம் நிலைக்கும்.

பூச்சு முடிந்து டயரை மாட்டும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள். சக்கரம் அதிராமல் சுழல எடை சரிசெய்யும் பாலன்சிங்குக்கு விளிம்பில் சுத்தியலால் தட்டி மாட்டும் எடைக்கட்டி வேண்டாம், அது புதுப் பூச்சைக் கீறி, உப்புக்கு முதல் வாசலைத் திறந்துவிடும். உட்புறத்தில் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சக்கர நட்டுகளை, கார்க் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லி, 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடியும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.