வாகனக் கேள்வி – பதில்: மட்காட்டை வெட்டிவிட்டுப் பெயின்ற் அடிப்பதா, அடித்துவிட்டு வெட்டுவதா?

கேள்வி: அண்ணை, நான் பருத்தித்துறை. 1990களின் நடுப்பகுதி ஹைலக்ஸ் டபுள்கப் ஒன்று வைத்திருக்கிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். மணற்காடு, ஆழியவளைப் பக்கம் கரைவரை இறங்கி மீன் ஏற்றுகிறேன். மணலில் புதைவதால் 235/75, 15 இஞ்சி ரயரைக் கழற்றிவிட்டு 31க்கு 10.5 (31 இஞ்சி உயரம், 10.5 இஞ்சி அகலம்) போட விருப்பம். வெள்ளை நிறத்தை மாற்றிக் கடும் சாம்பல் அடிக்கவும் டிங்கர் பாஸிடம் கதைத்துவிட்டேன். அவர் நாலு மட்காட்டையும் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகடு) சுத்திவர ஒரு இஞ்சி வெட்டிவிட்டு அடிப்போம் என்கிறார். கூட்டாளி ஒருவர் முதலில் பெயின்றை அடி, உரசினால் பிறகு வெட்டலாம் என்கிறார். பின் மட்காட் விளிம்பில் ஏற்கெனவே பெயின்ற் பொங்கி நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வெட்டுவதென்றால் பெயின்றுக்கு முன்னர்தான். அதில் பாஸ் சொல்வது சரி. ஆனால் புது ரயரை மாட்டிப் பார்க்காமல் "சுத்திவர ஒரு இஞ்சி" என்று அளவு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ரயர் ஒருநாளும் சுத்திவர உரசுவதில்லை. ஓரிரு இடத்தில்தான் உரசும். அந்த இடம் எது என்று தெரியாமல் தகட்டில் கை வைக்க விடாதீர்கள்.

கூட்டாளி சொல்வது ஏன் சரிவராது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிரைண்டரில் பறக்கும் பொறி சூடான இரும்புத் துகள். அது புதுப் பெயின்றில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பனியும் உப்புக் காற்றும் பட்ட பிறகு கதவு முழுக்கப் பழுப்புப் புள்ளி கிளம்பும். வெட்டிய விளிம்பில் பெயின்ற் கருகிக் கிளம்பி நிற்கும். அந்த இடைவெளியால் ஈரம் உள்ளே நகர்ந்து கறள் (துரு) பிடிக்கத் தொடங்கும். விளிம்புக்கு மட்டும் திரும்ப அடித்தால் நிறம் பொருந்தாது. இரண்டு தரம் காசு கொடுத்ததாக முடியும்.

இனி அளவைப் பார்ப்போம். உங்கள் இப்போதைய ரயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். 31 இஞ்சி ரயர் 787. வித்தியாசம் 53. அதில் பாதிதான் மட்காட் பக்கம் ஏறும், அதாவது 27 மில்லிமீற்றர், ஒரு இஞ்சியை விடக் கொஞ்சம் கூட. பாஸ் இந்தக் கணக்கில்தான் ஒரு இஞ்சி என்றிருப்பார். ஆனால் அகலமும் 235இலிருந்து 267 ஆகிறது. அகலக் கூடிய றிம்மும் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், ஸ்ரியறிங்கை ஒடிக்கும்போது இன்னும் பெரிய வட்டம் அடிக்கும். உரசலுக்குப் பல நேரம் காரணம் உயரம் அல்ல, இந்த வெளித்தள்ளல்தான். பழைய றிம்மிலேயே ரயர் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

யாரிடமாவது றிம்மோடு இரண்டு ரயரை ஒரு நாளைக்கு வாங்குங்கள். ஒன்றை முன் இடது பக்கமும் மற்றதைப் பின் வலது பக்கமும் மாட்டுங்கள். பின்பெட்டியில் வழமையாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, அந்த இரண்டு சக்கரத்தையும் மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்துங்கள். குறுக்குக்குறுக்காக ஏற்றினால்தான் பட்டை முழுதாக அமரும். ரயரின் தோளில் சோக் கட்டியால் பூசி, ஒருவர் ஸ்ரியறிங்கைப் பக்கத்துக்குப் பக்கம் கடைசிவரை ஒடிக்க, மற்றவர் கீழே பார்க்க வேண்டும். பட்டை நிமிரும்போது நீளும், அதனால் அக்சிலும் கொஞ்சம் முன்னோ பின்னோ நகரும். தரையில் நிற்கும் வண்டியில் சரியாக இருந்த இடைவெளி இங்கே காணாமல் போகும். சோக் பட்ட இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டிக் குறியுங்கள். பிறகு ரயர்களை மற்றப் பக்கத்துக்கு மாற்றி அதையே செய்யுங்கள்.

முன்பக்கத்தில் பெரும்பாலும் மட்காட்டின் பின் கீழ் மூலையும் பம்பர் நுனியும்தான் படும். பம்பர் நுனியை வெட்டலாம், கவலையில்லை. மூலை சற்று மட்டுமே தொட்டால் சக்கரம் ஒடிவதைக் கட்டுப்படுத்த அக்சிலில் உள்ள ஸ்ரொப்பர் போல்ற்றைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டாலே போதும். வண்டி திரும்புவதற்குக் கூட இடம் எடுக்கும், அவ்வளவுதான். அதன் பிறகும் பட்டால் அந்த மூலையை மட்டும் வெட்டுங்கள். முன் மட்காட் போல்ற்றில் நிற்பது, பிழைத்தாலும் மாற்றலாம்.

பின்பக்கம்தான் எனக்குக் கவலை. அங்கே தகடு இரண்டு மடிப்பு. வெளித்தகடும் உள் வளைவும் விளிம்பில் ஸ்பொட் வெல்டிங்கால் சேர்ந்திருக்கின்றன. ஒரு இஞ்சி வெட்டினால் அந்தச் சேர்க்கையே போய்விடும். இரண்டு தகட்டுக்கும் நடுவே மண்ணும் மழைத்தண்ணீரும் மீன்பெட்டியில் வடியும் உப்புத்தண்ணீரும் இறங்கும். பெயின்ற் பொங்கி நிற்கிறது என்றீர்களே, அது அங்கிருந்துதான் வருகிறது. வெளியே காசளவு பொங்கினால் உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும். ஆகவே பின்பக்கத்தில் எவ்வளவு வெட்டுவது என்பதைக் கறள்தான் தீர்மானிக்கும். ஊசிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு உள்ளே போகும் இடம்வரை வெட்டி எடுத்து, நல்ல தகடு தெரிந்த பிறகு புதுத் துண்டு வெல்ட் பண்ணுங்கள். உரசல் குறி இருந்தால் அந்தப் புது விளிம்பைத் தேவையான அளவு உயர்த்தியே வைக்கலாம். பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) போட்டு மூட மட்டும் விடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மாரிக்குள் திரும்பப் பொங்கும்.

வெட்டிய விளிம்பை அப்படியே விடுவது பெரிய பிழை. அந்த மடிப்புத்தான் மட்காட்டுக்குப் பலம். அது போனால் தகடு நடுங்கும், பெயின்ற் வெடிக்கும். அரை இஞ்சி கூட விட்டு வெட்டி உள்ளே மடிப்பது ஒரு வழி. வளைவில் மடிக்கும்போது விளிம்பு இழுபட்டுக் கிழியும், அதனால் சிறு கீறல்கள் போட்டு மடித்து, விரிந்த இடைவெளியை வெல்ட்டால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் விளிம்பு நெடுக 6 மில்லிமீற்றர் கம்பி வைத்து வெல்ட் பண்ணலாம். 1990களில் வெளியிலிருந்து ஒன்றும் வராமல், மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மட்காட்டுகளைச் சுத்தியலாலும் டொலியாலும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) தட்டியே காப்பாற்றிய பாஸ்மார் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களிடம் பழகியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இந்த விளிம்பு வேலைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

வெல்டிங் முடிந்த அன்றே வெறும் தகட்டுக்கு எபொக்சி பிறைமர் அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் ஓர் இரவு போதும், தகடு சிவந்துவிடும். சேர்க்கைக்கு சீலர், உட்பக்கம் முழுக்க அண்டர்கோட், அதன் பிறகுதான் நிறம். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்க வேண்டாம், காற்றில் ஈரம் கூட. நிறம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ரயர் மட்காட்டுக்கு வெளியே நீட்டி நிற்கவும் கூடாது. பின்னால் வருபவரின் கண்ணாடியில் கல் அடிக்கும், பொலிஸும் மறிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன். மணலுக்குத்தானே இந்த ரயர்? மணலில் இறங்க முன் காற்றை 18, 20 றாத்தலுக்குக் குறைத்துப் பார்த்தீர்களா? ரயர் நீளமாகப் பரந்து மணல்மேல் நிற்கும். பாரம் ஏற்றியிருந்தால் அவ்வளவு குறைக்காமல், மெதுவாக ஓட்டி, தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடித்துவிடுங்கள். சின்னப் பம்ப் ஒன்று வண்டியில் இருந்தால் போதும். அதன் பிறகும் பெரிய ரயர் வேண்டுமென்றால் 30க்கு 9.5 பாருங்கள். விட்டம் 762, மட்காட் பக்கம் ஏறுவது 14 மில்லிமீற்றர்தான். 31 போட்டால் மீற்றர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும், பாரத்தோடு இழுவையும் குறையும். நானென்றால் 30ஐப் போட்டு, முன் மட்காட்டைத் தொடாமல், பின்பக்கக் கறளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பெயின்ற் அடிப்பேன்.

கேள்வி: வெட்டிய மட்காட் விளிம்பை மறைக்க அதன்மேல் வளைவான பிளாஸ்ரிக் ஆர்ச் பூட்டலாமா? – காரைநகர் வாசகர்

பதில்: பூட்டலாம், ஆனால் பெயின்ற் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு. ஸ்குறூ ஓட்டைகளைப் பெயின்றுக்கு முன்னரே துளைத்து, ஓட்டைக்குள்ளும் பிறைமர் போக வேண்டும். ஆர்ச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே றப்பர் பட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மணல் புகுந்து பெயின்றைத் தேய்க்கும். தீவுப் பக்கம் பல கிணறுகள் சவர்த் தண்ணீர். அதால் கழுவினால் உப்பை இன்னும் ஏற்றுவீர்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஆர்ச்சின் உட்பக்கத்தைக் குழாயால் அடித்துக் கழுவுங்கள்.