தென்னை ஏற எந்தக் கயிறு, எந்த ரோப் கிராப்?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர் தோப்புங்க. காய் போட ஆள் சொல்லி வைத்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் தொங்கிக்கொண்டு காத்திருக்க இடுப்பில் மாட்டுவார்களே ‘ட்ரீ சேடில்’, அது கயிற்றோடு செட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கி நானே ஏறலாமா?

பதில்: வேட்டையை நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமே தடுத்துவிட்டது. சாமானை மட்டும் பார்ப்போம். அந்தச் செட்டில் இரண்டு கயிறு இருக்கும். ஒன்று மரத்தைச் சுற்றி வந்து இடுப்பின் இரண்டு பக்கமும் மாட்டுவது, லைன்மேன் கயிறு என்பார்கள். இன்னொன்று ‘டெதர்’. அதன் ஒரு முனை கண்ணி, மரத்தைச் சுற்றிய கயிறு அந்தக் கண்ணிக்குள்ளேயே நுழைந்து வருவதால் எடை விழ விழ மரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

தென்னைக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். லைன்மேன் கயிற்றில் நீங்கள் பின்னால் சாய்ந்திருக்கும் வரை பிடிப்பு இருக்கும், கால் வழுக்கி உடம்பு மரத்தோடு ஒட்டிய அடுத்த நொடி கயிறு தளர்ந்து உங்களோடு சேர்ந்து கீழே இறங்கும். வேப்பமரம் என்றால் ஒரு கவட்டையிலாவது தடுக்கும். தென்னையில் கொண்டையிலிருந்து தூர் வரை தடுக்க ஒன்றுமே இல்லை. அதனால் இறுக்கும் கண்ணிக் கயிறு கட்டாயம் வேண்டும், அதையும் ஏற ஏற மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

சேடில் இடுப்பையும் தொடையையும் மட்டும் பிடிப்பது, எப்போதும் கயிறு விறைப்பாக இருக்கும்போது உட்கார்ந்திருக்க ஆனது, விழுகிற ஆளைத் தாங்க ஆனதல்ல. விழும்போது தலைகீழாகக் கவிழும் அபாயம் உண்டு. என் கருத்து, சேடில் வாங்க வேண்டாம். மரமேறும் கருவியும் முதுகில் வளையம் உள்ள முழு உடல் ஹார்னஸும் (தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் வார்) வாங்குங்கள். அதற்கு முன் பயிற்சி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சி இதற்காகவே வந்தது. வாரியத்தில் கேர சுரக்ஷா என்று மரமேறுபவர்களுக்கான காப்பீடும் இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஹார்டுவேர் கடையில் மஞ்சள் கயிறு கிலோ கணக்கில் கிடைக்கிறது. கிணற்றில் மோட்டார் இறக்குகிறோம், அறுந்ததே இல்லை. அது போதாதா?

பதில்: போதாது. மோட்டார் மெதுவாக இறங்குகிறது, மனிதன் அப்படி விழுவதில்லை. அந்தக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். நம் ஊர் வெயிலில் கிடந்தால் மேல்நூல் பொடிப்பொடியாக உதிரும், 165 டிகிரிச் சூட்டிலேயே உருகும். முறுக்குக் கயிறாக இருந்தால் ரோப் கிராப்பும் (கயிற்றில் மேலே நகர்த்தி வைத்தால், எடை விழும்போது கவ்வி நிறுத்தும் கருவி) சரியாகக் கவ்வாது.

நீங்கள் கேட்க வேண்டியது ‘கெர்ன்மேண்டில்’. உள்ளே எடை தாங்கும் நூல்கள், வெளியே அவற்றைக் காக்கும் பின்னல் உறை. அதிலும் அதிகம் நீளாத வகை, ஈஎன் 1891 டைப் ஏ என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கும். இந்தத் தரத்துக்குக் குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும், நம் கணக்கில் சுமார் 2,240 கிலோ. இவ்வளவு எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு முடிச்சுப் போட்டாலே கால்வாசிக்கு மேல் பலம் போய்விடும், நனைந்த நைலானில் இன்னும் கொஞ்சம் போகும். 8 மி.மீ. கயிறு எடை குறைவு, சுருட்டினால் பைக்குள் அடங்கும் என்பதால் வேட்டைக்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது. சொரசொரப்பான தென்னையில் நாள் முழுக்க உரச 11 மி.மீ. வாங்குங்கள்.

அப்புறம் கொடுவாள். விறைத்து நிற்கிற கயிற்றில் கூரிய முனை லேசாகப் பட்டாலே அது வெட்டிக்கொண்டு போகும். அதனால் மட்டை கழிக்கும்போது இரண்டு தனித்தனிப் பிடிப்பு இருக்க வேண்டும், மரத்தைச் சுற்றும் கயிறு உள்ளே எஃகுக் கம்பி ஓடும் வகையாக இருந்தால் நல்லது. ஆனால் தோப்புக்குள் இபி லைன் போகிறதென்றால் அந்த வரிசை மரங்களில் கம்பிக் கயிறு வேண்டவே வேண்டாம். லைனை நிறுத்தாமல் அந்த மரங்களில் ஏறவும் வேண்டாம்.

கேள்வி: ரோப் கிராப் 600 ரூபாய்க்கும் இருக்கிறது, 6,000-க்கும் இருக்கிறது. சும்மா மெல்லிய கயிற்றைப் பெரிய கயிற்றின் மேல் சுற்றிப் போடும் ப்ருசிக் முடிச்சே போதும் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: விலையைப் பிறகு பாருங்கள். முதலில் கருவியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். எந்தத் தடிமன் கயிற்றுக்கு என்று மி.மீ. கணக்கில் இருக்கும், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் சொல்வது நான் பட்டது. ஆன்லைனில் 11 மி.மீ. கயிறும் அதற்கான கிராப்பும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். மரமேறுவதற்கு முன் தோட்டத்துச் சாளையின் இரும்புத் தூணில் கட்டி, கால் தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருக்கும்படி தொங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. லேசாக ஆட்டியதும் சரசரவென்று இறங்கி உட்கார்ந்துவிட்டேன். கயிற்றின் மேல் எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று ஒரு தடம். பக்கத்து லேத் பட்டறையில் தடிமன் அளக்கும் வெர்னியர் வாங்கி, கயிற்றில் பத்துக் கிலோ எடை தொங்கவிட்டு அளந்தால் ஒன்பதுக்குப் பக்கம்! கிராப் நல்லதுதான், கயிறு பொய். அறுபது அடியில் அது தெரிந்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. நம் கோவை, திருப்பூர்ப் பக்கம் வெர்னியர் இல்லாத பட்டறை ஏது, ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து அளந்துவிடுங்கள்.

பல் உள்ள கிராப் சேற்றுக் கயிற்றையும் கவ்வும், ஆனால் திடீரென்று பெரும் எடை விழுந்தால், ஏறத்தாழ 4 முதல் 6 கிலோ நியூட்டனிலேயே, உறையைக் கிழிக்கும். ஏறுவதற்குச் சரி, விழுவதைத் தடுக்க அதை நம்பக் கூடாது. விழுவதைத் தடுக்க என்றே உள்ளவற்றில் ஈஎன் 353-2 என்று இருக்கும்.

ப்ருசிக் முடிச்சை ஆஸ்திரியாவின் கார்ல் ப்ருசிக் 1931-ல் எழுதி வெளியிட்டார். மூன்று சுற்றுப் போட்டால் அருமையாகப் பிடிக்கும், செலவும் குறைவு. ஆனால் சுற்றும் கயிறு பெரிய கயிற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும், 11-க்கு 7 அல்லது 8 மி.மீ. கயிறு. டைனீமா என்கிற செயற்கை இழை மட்டும் உள்ள கயிறு வேண்டாம், வழுக்கும், 150 டிகிரியிலேயே உருகும். கற்றுக்கொண்டவர் கையில் ப்ருசிக் நல்ல காவல். புதிதாக ஏறுபவருக்கு நான் கருவியைத்தான் சொல்வேன், பதற்றத்தில் முடிச்சை மேலிருந்து கையால் அழுத்திப் பிடித்துவிட்டால் அது இறுகாமலேயே வழுக்கும்.

கேள்வி: ஐஎஸ்ஐ முத்திரை போலியா என்று எப்படிப் பார்ப்பது? ஏமாந்தால் எங்கே போவது?

பதில்: ஹார்னஸில் ஐஎஸ் 3521 என்று மேலேயும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் கீழேயும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், 2020 மின்வணிக விதி அது. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கயிற்றை எப்போது தூக்கிப் போடுவது?

பதில்: ஒரு முறை ஆள் விழுந்து தாங்கிய கயிறு, பேட்டரி ஆசிட் பட்ட கயிறு, உறை கிழிந்து உள்நூல் தெரியும் கயிறு, அன்றே நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கைதான் கண்டுபிடிக்கும். மாதம் ஒரு முறை முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிடுங்கள், ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினாலோ திடீரென மெலிந்தாலோ உள்ளே நூல் போய்விட்டது. நிறுத்திய கயிற்றைச் சாளையில் சுருட்டி மாட்டாதீர்கள். ஒரு பாகம் ஒரு பாகமாக வெட்டிப் போடுங்கள், மாடு கட்ட ஆகும். முழுசாகக் கிடந்தால் அடுத்த காய் வெட்டுக்கு வருகிற பையன் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான்.